இறங்கிய பிறகு

2015 அக்டோபரில் அட்மிரல் ராதாகிருஷ்ண ஹரிராம் தஹிலியானி காலமானபோது, வந்த இரங்கல் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே தேதியைச் சுற்றி எழுதப்பட்டிருந்தன: 1961 மே 18. இந்தியாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ். விக்ராந்தின் தளத்தில் ஓர் இந்திய விமானி முதன்முதலாகத் தன் ஜெட் விமானத்தை இறக்கிய நாள் அது. அந்த விமானி அப்போது லெப்டினன்டாக இருந்த தஹிலியானி. அதன் பிறகு அவர் 54 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். கப்பல்களை நடத்தினார், கடற்படையின் தலைமைத் தளபதியானார், ஒரு மாநிலத்தின் ஆளுநரானார், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார், முதுமையில் முற்றிலும் வேறொரு வேலையை எடுத்துக்கொண்டார். ஆனாலும் நினைவு அந்தச் சில நொடிகளைத் தாண்டி நகர மறுக்கிறது.

அந்த நொடிகளைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் பறந்தவன் இறங்கிய பிறகு என்ன செய்தான் என்பதில்தான் என் மனம் போய் நிற்கிறது. ஒருவேளை நான் வாழும் இடம் அதற்குக் காரணமாக இருக்கலாம். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில் சிறுமலைப் பிரிவு என்று ஒரு இடம். அங்கே திரும்பிப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மலை. மலைவாழை, எலுமிச்சை, சவ்சவ், மிளகு, காப்பி. சாலை போகாத தோட்டங்களிலிருந்து குதிரை முதுகில் மூட்டை இறங்கும் ஊர் இது. இங்கிருந்து எந்தத் திசையில் போனாலும் கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். கடலோடு எந்த உறவும் இல்லாத இந்தப் பக்கத்திலிருந்தும் பையன்கள் கடற்படைக்குப் போயிருக்கிறார்கள். பதினேழு, பதினெட்டு வயதில் போனவர்கள் பதினைந்து வருடப் பணி முடித்து, முப்பதைக் கடந்த கொஞ்ச நாளிலேயே திரும்பி வந்துவிடுகிறார்கள். அதற்குமேல் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் அவர்களுக்குத் தரையில் மிச்சமிருக்கின்றன. வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறார்கள், தோட்டம் போடுகிறார்கள், மகளுக்கு வரன் தேடுகிறார்கள். சீருடையில் எடுத்த படம் கூடத்துச் சுவரில் இருக்கும். அந்தப் படத்தைத் தாண்டி யாரும் அவர்களிடம் எதையும் கேட்பதில்லை.

அப்படி ஒருவர் அடிவாரத்துக் கிராமத்தில் எனக்குப் பழக்கம். எழுபதைக் கடந்தவர். பழைய விக்ராந்தில் விமானங்களைக் கையாளும் பிரிவில், ஹேண்ட்லராக, வேலை பார்த்தவர். விமானம் ஓட்டியதில்லை. இறங்கி வரும் விமானத்தின் கொக்கியை விடுவித்து, தள்ளிக்கொண்டு போய் ஒதுக்கி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சங்கிலி போட்டுக் கட்டுகிறவர். தஹிலியானி இறங்கிய கதையைப் பயிற்சியில் சேர்ந்த புதிதிலேயே அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் அதை எனக்குச் சொன்னார்.

விக்ராந்த் பிறந்தது வேறு பெயரில். இரண்டாம் உலகப் போருக்காக 1943இல் பிரிட்டன் கட்டத் தொடங்கிய ‘ஹெர்குலிஸ்’ அது. 1945 செப்டம்பரில் கடலில் இறக்கப்பட்டபோது போர் முடிந்திருந்தது. பாதி வேலையோடு கிடந்த கப்பலை 1957இல் இந்தியா வாங்கியது. பெல்ஃபாஸ்டில் கட்டி முடித்து 1961 மார்ச் 4 அன்று, அப்போது லண்டனில் நம் தூதராக இருந்த விஜயலட்சுமி பண்டிட் முன்னிலையில் கொடியேற்றினார்கள். அது கிடந்த ஆண்டுகளில் விமானங்கள் மாறியிருந்தன. காற்றாடி விமானம் போய் ஜெட் வந்துவிட்டது. ஜெட்டின் வேகத்துக்குப் பழைய தளம் போதாது. அதனால் பிரிட்டிஷ் கடற்படை கண்டுபிடித்திருந்த மூன்று புதிய ஏற்பாடுகளை இந்தக் கப்பலில் சேர்த்தார்கள்: நீராவி விசையால் விமானத்தை எறியும் கவண், சற்றே இடப்புறம் சாய்த்துப் போட்ட இறங்குதளம், விமானிக்கு இறங்கும் கோணத்தைக் காட்டும் ஒளிக்கண்ணாடி.

கப்பலின் மொத்த நீளம் ஏறக்குறைய 213 மீட்டர். விமானம் நிற்கக் கிடைப்பது அதில் ஒரு துண்டு. தஹிலியானி இறக்கிய ஸீஹாக் ஒற்றை ஆள் விமானம், ஒரே இன்ஜின். இறங்க வரும்போதே மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். கப்பலும் காற்றை எதிர்த்து ஓடிக்கொண்டிருக்கும். அலையில் தளம் ஏறும், தாழும். விமானியின் கண் கண்ணாடியில் தெரியும் ஒளிப்புள்ளியை விட்டு அகலக் கூடாது. அந்தப் புள்ளி இருபக்க விளக்கு வரிசைக்கு நேராக நின்றால் கோணம் சரி. மேலே போனால் உயரம் அதிகம். கீழே போனால் கப்பலின் பின்சுவரில் மோத வேண்டியதுதான். விமானத்தின் வால்பக்கத்தில் தொங்கும் கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய எஃகு வடங்களில் ஒன்றைப் பற்ற வேண்டும். பற்றினால் சில பத்து மீட்டருக்குள் நின்றுவிடும்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. சக்கரம் தளத்தைத் தொட்ட அதே கணத்தில் விமானி இன்ஜின் விசையை முழுதாகத் திறக்க வேண்டும். நிற்க வந்தவன் பறக்கத் தயாராக இருக்க வேண்டும். கொக்கி வடத்தைத் தவறவிட்டால் அந்த விசைதான் அவனை மறுபடி வானத்துக்குத் தூக்கும். குறைத்திருந்தால் தளத்தின் மறுமுனையில் கடல். உடம்பு முழுக்க ‘நிறுத்து’ என்று கத்தும்போது கை அதற்கு எதிராகச் செய்ய வேண்டும். இதை ஒரு மனிதன் பழக்கத்தால் தன் எலும்பில் ஏற்றிக்கொள்ள எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஸீஹாக்குகளுக்கான 300ஆம் அணி, வெள்ளைப் புலிகள், 1960 ஜூலையிலேயே பிரிட்டனின் பிராடி விமானத்தளத்தில் உருவாகிவிட்டது. மே 18இன் அந்தச் சில நொடிகளுக்குப் பின்னால் அந்த மாதங்கள் எல்லாம் இருக்கின்றன.

அடிவாரத்துப் பெரியவரின் நினைவில் இதே காட்சி தளத்திலிருந்து தெரிகிறது. “வடம் இழுபடறப்ப ஒரு சத்தம் வரும் தம்பி, காதுக்குள்ள இல்ல, நெஞ்சுக்குள்ள கேக்கும். அறுந்துச்சுன்னா தளத்துல நிக்கிறவன் காலை வெட்டிட்டுப் போயிரும். அதனால நாங்க விமானத்தைப் பாக்க மாட்டோம். வடத்தைத்தான் பாப்போம்.” விமானம் நின்றதும் ஓடிப்போய்க் கொக்கியை விடுவித்து, அடுத்த விமானம் வருவதற்குள் தளத்தைக் காலி செய்ய வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்த கப்பல் அது. கொதிகலனில் நின்றவன், வடத்தின் இழுவிசையைச் சரிபார்த்தவன், கண்ணாடியைத் துடைத்தவன் எல்லோரும் சேர்ந்துதான் அந்த லெப்டினன்டை இறக்கினார்கள். முதல் பெயர் ஒருவருடையதாக இருப்பதில் தவறில்லை. மற்ற பெயர்களைத் தேடி யாரும் போகவில்லை என்பதுதான் வருத்தம்.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. விக்ராந்தின் விமானங்கள் கப்பலை விட்டுக் கரையேறும்போது தங்க ஓரிடம் வேண்டுமே. 1961 செப்டம்பர் 5 அன்று கோயம்புத்தூர் பக்கத்துச் சூலூரில்தான் கடற்படையின் ‘ஹன்ஸா’ விமானத்தளம் முறைப்படி தொடங்கியது. உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை இதே சூலூர் தளத்துக்கு ‘வைரி’ என்றும், தாம்பரம் தளத்துக்கு ‘வல்லூறு’ என்றும் பெயர் வைத்திருந்தது. கோவா விடுதலைக்குப் பிறகு டபோலிம் தளம் கடற்படையின் கைக்கு வந்தது. 1964 ஜூனில் ஹன்ஸா அங்கே இடம்பெயர்ந்தது. மூன்று ஆண்டுகளுக்கும் குறைவான காலம்தான். ஆனால் பஞ்சாலைச் சங்கு ஊதும் ஊர்களுக்கு மேலே கடலுக்காகச் செய்த ஜெட் விமானங்கள் பறந்திருக்கின்றன. பின்னாளில் அரக்கோணத்தில் ராஜாளியும் (1992) உச்சிப்புளியில் பருந்தும் (2009) வந்தன. சூலூரின் அந்த முதல் அத்தியாயம் நம் ஊர் வரலாறுகளில் எங்கேயும் சரியாகப் பதிவாகவில்லை.

தஹிலியானியின் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆனால் நல்ல குடும்பஸ்தர் என்று ஒரு விமானியைச் சொல்வதற்கு முதலில் அவர் வீடு திரும்பியிருக்க வேண்டும். இதை எழுதும்போது என்னால் 1971 டிசம்பர் 10ஐத் தாண்டிப் போக முடியவில்லை. அரபிக் கடலில் ரோந்து போன ஆலிஸே விமானம் ஒன்றைப் பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் சுட்டு வீழ்த்தியது. லெப்டினன்ட் கமாண்டர் அசோக் ராய், லெப்டினன்ட் சிரோஹி, விமானப் பணியாளர் விஜயன் மூவரும் திரும்பவில்லை. அசோக் ராயின் பெயர், போரில் காணாமல் போய், பாகிஸ்தான் சிறைகளில் இருக்கலாம் என்று நம்பப்பட்ட 54 இந்திய வீரர்களின் பட்டியலில் நெடுங்காலம் இருந்தது. காணாமல் போனவர் என்பது இறந்தவர் என்பதைவிடக் கொடிய சொல். அந்த வீடுகளில் பொட்டு வைப்பதா வேண்டாமா என்பதைக்கூட யாரும் முடிவு செய்ய முடியாது. விக்ராந்தின் ஸீஹாக்குகள் டிசம்பர் 4 அன்று காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கிய வீரத்தைப் பக்கம் பக்கமாக எழுதினோம். இந்த மூன்று வீடுகளுக்கு ஒரு பத்தி ஒதுக்கியதோடு நிறுத்திக்கொண்டோம்.

தஹிலியானி திரும்பி வந்தவர். 1930இல் சிந்திக் குடும்பத்தில் பிறந்தார். அவருக்குப் பதினேழு வயதானபோது சிந்து இன்னொரு நாட்டில் இருந்தது. சொந்த மண் என்று சுட்ட ஓரிடம் இல்லாத தலைமுறை அது. அவருடைய மகன் தருண் தஹிலியானி இன்று நாடறிந்த ஆடை வடிவமைப்பாளர். மகள் டீனா தஹிலியானி பரீக் ‘ஆன்சாம்பிள்’ என்ற ஆடையகத்தை நடத்துகிறார். பல வடிவமைப்பாளர்களின் ஆடைகளை ஒரே கூரையின் கீழ் விற்ற இந்தியாவின் முதல் கடை அது என்பார்கள். 1987இல் பம்பாயில் தருண் தொடங்கியது. கடை அமைந்த இடம் லயன் கேட்டுக்கு எதிரில். லயன் கேட் என்பது பம்பாய்க் கடற்படைத் தளத்தின் வாசல்களில் ஒன்று. தெருவின் ஒரு பக்கம் தகப்பனின் கப்பல்கள். மறுபக்கம் மகனின் சரிகையும் பட்டும். அதே ஆண்டில் தகப்பன் அந்தக் கப்பல்களுக்கெல்லாம் தலைவர்.

இந்த விவரத்தை முதலில் அறிந்தபோது அந்த மனிதரின் மீது எனக்கு மரியாதை கூடியது. சீருடை ஒழுங்கில் ஊறிய வீடுகளை நம் பக்கத்திலும் பார்த்திருக்கிறேன். தகப்பன் நடந்த தடத்திலேயே மகனும் நடக்க வேண்டும் என்ற பிடிவாதம் அங்கே சாதாரணம். அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்ததோ நமக்கு வேண்டாம். துணியையும் நிறத்தையும் வாழ்க்கையாக எடுத்துக்கொள்ள ஒரு மகனால் முடிந்தது, மகளும் அதே தொழிலில் நிலைக்க முடிந்தது என்பதே அந்தக் கூரையின் கீழ் எவ்வளவு இடம் இருந்தது என்று காட்டப் போதும்.

1984 டிசம்பர் முதல் 1987 நவம்பர் வரை அவர் தலைமைத் தளபதி. அந்தப் பதவிக்கு வந்த முதல் கடற்படை விமானி. அவர் காலத்தில்தான் பிரிட்டனின் ‘ஹெர்மிஸ்’ வாங்கப்பட்டு 1987 மே மாதம் ஐ.என்.எஸ். விராட் ஆனது. ஆனால் 1987 என்று எழுதும் தமிழன் அதோடு நிறுத்திவிட முடியாது. அந்த ஜூலையில் இந்தியப் படை இலங்கைக்குப் போனது. அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் போர் மூண்டது. படைகளைக் கடல் கடந்து கொண்டுபோனதிலும் பாக் நீரிணையைக் காவல் காத்ததிலும் கடற்படைக்குப் பங்கு இருந்தது. முடிவுகள் டெல்லியில், அரசியல் மேசையில் எடுக்கப்பட்டவை. தளபதி ஒருவரின் தலையில் அவற்றைச் சுமத்துவது நியாயமில்லை. ஆயினும் அவர் வாழ்க்கையை நினைவுகூரும்போது அந்தக் கடைசி நான்கு மாதங்களை விட்டுவிட்டால், இறந்தவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை குறைந்துபோகும். அவர் சிந்தியாக ஓர் எல்லைக்கோட்டின் வலியை அறிந்தவர். பாக் நீரிணையும் அப்படி ஒரு கோடு.

ஓய்வு பெற்றபோது அவருக்கு 57 வயது. அதற்குப் பின் 28 ஆண்டுகள். நான் சொல்ல வந்தது இந்த 28 ஆண்டுகளைத்தான்.

1990 முதல் 1994 வரை சிக்கிம் ஆளுநர். ஓய்வு பெற்ற தளபதிகளுக்கு அப்படிப் பதவி தருவது வழக்கம், அதில் புதுமையில்லை. பிறகு டிரான்ஸ்பரன்ஸி இன்டர்நேஷனல் என்ற ஊழலுக்கு எதிரான அமைப்பின் இந்தியப் பிரிவுக்குத் தலைவரானார். எழுபதைக் கடந்த வயதிலும் அந்தப் பொறுப்பில் இருந்தார். கோல்ஃப் மைதானமும் நினைவுக் குறிப்புகளும் காத்திருக்கும் வயது அது. அந்த அமைப்பும் சென்டர் ஃபார் மீடியா ஸ்டடீஸ் நிறுவனமும் சேர்ந்து 2005இல் ஒரு ஆய்வை வெளியிட்டன. காவல் நிலையம், கீழமை நீதிமன்றம், நில நிர்வாகம், மருத்துவமனை, பள்ளி, மின்சாரம், ரேஷன் என்று சாதாரண மனிதன் வாசல் ஏற வேண்டிய பதினோரு சேவைகளில் மக்கள் ஆண்டுக்கு 21,068 கோடி ரூபாய் லஞ்சம் கொடுக்கிறார்கள் என்று அது கணக்கிட்டது. பீரங்கி பேரமும் விமான பேரமும்தான் ஊழல் என்று தலைப்புச் செய்திகள் போய்க்கொண்டிருந்த நாட்டில், ஒரு அட்மிரல் தலைமையிலிருந்த அமைப்பு ரேஷன் கடை வரிசையை எண்ணப் போனது.

அடுத்த ஆய்வு இன்னும் கூர்மையானது. 2007ஆம் ஆண்டுக்கான அந்த ஆய்வு வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டது. ஓர் ஆண்டில் அவர்கள் கொடுத்த லஞ்சம் ஏறத்தாழ 883 கோடி ரூபாய். ஊரக வேலைத் திட்டம், நிலப்பதிவு, வீட்டு உதவி, வனத்துறை எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. சிறுமலையில் இருந்துகொண்டு அந்தப் பட்டியலைப் படித்தால் ஒவ்வொரு வரியும் தெரிந்த முகமாகத் தெரியும். காட்டோரத்தில் தலைமுறையாக உழுத நிலத்துக்குப் பட்டா கேட்டு அலைகிறவன், மலையிலிருந்து சுள்ளியும் கடுக்காயும் கொண்டு இறங்கும்போது தடுத்து நிறுத்தப்படுகிறவள், நூறு நாள் வேலைச் சம்பளத்துக்கு வங்கிக்கும் பஞ்சாயத்துக்கும் நடக்கிற கிழவி. இவர்கள் கையிலிருந்து போகும் ஐம்பதும் நூறும் எந்தக் கணக்கிலும் ஏறாமல் இருந்தது. அதைக் கூட்டிப் பார்த்து, எண்ணாக்கி, நாட்டின் முன் வைத்த அமைப்பின் தலைவர் விக்ராந்தில் இறங்கிய அதே மனிதர். 1961 மே 18ஐவிட அவருடைய வாழ்வில் இது எனக்கு எவ்விதத்திலும் சிறிதாகத் தோன்றவில்லை. தளத்தில் இறங்க அவருக்கு ஆயிரம் பேர் உதவினார்கள். இந்த வேலையில் அவருடன் நின்றவர்கள் குறைவு. எதிரில் நின்றவர்கள் ஏராளம்.

அவர் இறங்கிய கப்பல் அவருக்கு முன்பே போய்விட்டது. 1997 ஜனவரி 31 அன்று பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட விக்ராந்த், பம்பாயில் சில காலம் அருங்காட்சியகமாக நின்றது. பராமரிக்கப் பணமில்லை என்று ஏலத்தில் விட்டார்கள். 2014இல் உடைக்கத் தொடங்கினார்கள். அதன் இரும்பில் ஒரு பகுதியை உருக்கி பஜாஜ் நிறுவனம் மோட்டார் சைக்கிள் செய்து விற்றது. 2022 செப்டம்பரில் அதே பெயரில், கொச்சியில் கட்டிய புதிய விக்ராந்த் வந்தது. 2023 பிப்ரவரி 6 அன்று கொமடோர் ஜெய்தீப் மாவ்லங்கர் தேஜஸ் விமானத்தை அதில் இறக்கினார். இனி அந்தத் தேதியையும் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். செய்யட்டும். அவரும் இன்னும் பல ஆண்டுகள் வாழப்போகிறவர், அவருக்கும் இறங்கிய பிறகு ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று யாராவது அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அடிவாரத்துப் பெரியவர் திங்கட்கிழமைகளில் திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவார். குறைதீர் நாளில் மனு கொடுக்க வருகிறவர்களில் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தருவார். வாசலில் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவர்கள் உண்டு, இவர் வாங்குவதில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார். கடற்படையில் கற்ற கையெழுத்து, பெரிய பெரிய எழுத்தாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கும். மனுவின் நகல் ஒன்றை எடுத்து, ஒப்புகைச் சீட்டோடு சேர்த்துக் குத்தி, ‘இதைத் தொலைச்சிராத ஆத்தா’ என்று கொடுத்தனுப்புவார். எத்தனை வருடமாக இதைச் செய்கிறார் என்று கேட்டால் கையை விரிப்பார்.

தஹிலியானி கடைசிக் காலத்தில் என்ன வேலை பார்த்தார் என்று அவருக்கு நான் சொன்னேன். ஆய்வையும், தொகையையும், பட்டியலையும் சொன்னேன்.

“அப்படியா தம்பி? எங்களுக்கு இறங்குனதை மட்டுந்தான் சொல்லிக் குடுத்தாங்க” என்றார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தபடி கேட்டார்: “அந்தப் புஸ்தகத்துல பட்டா மாத்தலுக்கு எவ்வளவு வாங்குறாய்ங்கன்னு போட்டுருக்கா? இருந்தா ஒரு காப்பி எடுத்துட்டு வாங்க. வர்ற திங்கக்கிழமை தேவைப்படும்.”